தொடக்ககாலத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளின் காப்புரிமைகளில், பொறியமைப்பு நோக்கில் எது மிக முக்கியமானது?

என் தேர்வு, 1897 ஏப்ரல் 20 அன்று துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரவுனிங்குக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட 580,924 எண்ணுள்ள காப்புரிமை. பழைய காப்புரிமை வரைபடங்களைப் படிப்பதில் எனக்கு நெடுநாளைய ஈடுபாடு உண்டு; ஒரு சிக்கலை இவ்வளவு தெளிவாகத் தீர்த்த வரைபடங்கள் வெகு சிலவே என்பது என் எண்ணம்.

சிக்கல் இதுதான். சுட்டவுடன் எழும் விசையே சுடப்பட்ட தோட்டாவின் வெற்றுறையை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். ஆனால் குழலுக்குள் அழுத்தம் தணியும் முன்பே பின்பக்கம் திறந்துவிட்டால் உறை கிழிந்துவிடும். வலுக்குறைந்த தோட்டாவுக்கு, குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் மேற்கூடான ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் எதிர்ப்புமே போதிய தாமதத்தைத் தரும். வலுவான தோட்டாவுக்கோ குழலையும் அதன் பின்வாயை மூடும் அடைப்பானையும் சிறிது நேரம் பூட்டி வைத்தாக வேண்டும்.

இதற்கு முன்பே, 1893இல், ஹியூகோ போர்ஷார்ட் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றிருந்தார். முழங்காலைப் போல நீட்டினால் உறுதியாக நிற்கும், மடித்தால் விட்டுக்கொடுக்கும் மூட்டு அவருடையது. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியில் வேலை செய்த அதே தத்துவம். பின்புறம் நீண்டு நின்ற வில்கூட்டினால் அந்தத் துப்பாக்கி கைக்குப் பெரும்பாரமாக இருந்தது. கேயார்க் லூகர் அதைச் சுருக்கிச் செம்மைப்படுத்திய வடிவத்தை 1900இல் சுவிட்சர்லாந்து ராணுவம் ஏற்றுக்கொண்டது. மவுசர் சி96 என்ற இன்னொரு ஜெர்மன் கைத்துப்பாக்கியின் அமைப்பை வகுத்தவர்கள் ஃபீடர்லே சகோதரர்கள் என்றாலும் காப்புரிமை பால் மவுசரின் பெயரில்தான் பதிவானது; காப்புரிமை ஆவணத்தில் உள்ள பெயரைக் கொண்டு மட்டும் உழைப்பை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பிரவுனிங்கின் வழி வேறு. குழலின் மேற்புறத்து மேடுகள் ஸ்லைடின் உட்பள்ளங்களில் பொருந்தியிருப்பதால், பின்னுதைப்பின்போது இரண்டும் சிறிது தூரம் ஒன்றாகவே பின்வாங்குகின்றன. அதற்குள் குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் தணிந்துவிட, குழலின் அடியில் முன்னும் பின்னுமாக உள்ள இரு ஊசல் இணைப்புகள் (ஊசல்போல் ஆடும் சிறு துண்டுகள்) அதைக் கீழிறக்கிப் பூட்டை விடுவிக்கின்றன. பிறகு ஸ்லைடு மட்டும் தன் போக்கில் பின்சென்று உறையை வெளியே தள்ளுகிறது. 1911ஆம் ஆண்டின் கோல்ட் கைத்துப்பாக்கியில் முன் இணைப்பு நீங்கிப் பின் இணைப்பு ஒன்றே நின்றது. உறுப்புகள் குறைந்தும் பணி குறையாத இந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே 1897 ஏப்ரல் நாளில் அவர் பெற்ற 580,926 எண்ணுள்ள காப்புரிமை, பூட்டில்லாத எளிய வகையைச் சேர்ந்தது. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் அவ்வகையில் தயாரித்த 1900ஆம் ஆண்டு மாதிரி ஐரோப்பாவில் பெரிதும் விற்றது; அமெரிக்க உரிமை கோல்ட் நிறுவனத்திடம் இருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டம் காப்புரிமை வழங்கப்பட்ட நாளைப் பொருளின் மீதே குறிக்கச் சொன்னதால், 1911 மாதிரியின் ஸ்லைடில் இந்த 1897 நாளும் அதன்பின் பெற்றவற்றின் நாள்களும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்நாளைய காப்புரிமைக் காலம் 17 ஆண்டுகள் என்பதால் 1897இன் உரிமைகள் 1914இல் முடிவுற்றன. பின்னர் சோவியத் நாட்டில் டோகரெவ் தம் டிடி கைத்துப்பாக்கியில் அதே ஊசல் இணைப்பைக் கையாண்டார். பிரவுனிங்கோ 1923இல் அளித்த விண்ணப்பத்தில் அந்த இணைப்பையே நீக்கிவிட்டு, குழலின் அடியிலேயே அமைந்த சரிவான பரப்பு அதைக் கீழிறக்கும்படி செய்திருந்தார். அதற்கான காப்புரிமை, அவர் 1926 நவம்பரில் இறந்தபின், 1927 பிப்ரவரியில் வழங்கப்பட்டது.