அந்தக் காபியை ஏன் குடிக்கவில்லை?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறோம். போன அக்டோபரில் கடற்கரை ஊரான ஹாஃப் மூன் பேயின் பூசணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போனோம். வழியிலேயே இரண்டு மணி நேரம் டிராஃபிக். மகள் ஒரே அழுகை, எனக்கும் கணவருக்கும் சண்டை, வாங்கிய பூசணியும் ஒரு வாரத்தில் அழுகிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமா காலையில் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். அங்கே போயும் காரை விட்டு இறங்கவில்லை. அவருக்குக் கூட்டம் பிடிக்காது. 72 வயது, ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயம் பார்த்தவர். இந்த வருடமும் வந்திருக்கிறார்கள். மாமாவையும் அத்தையையும் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய்வரலாமா? டிராஃபிக்கைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்: டிராஃபிக்குக்கு வழி இருக்கிறது. முதலில் அந்தக் காபிக்கு வருவோம். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடிதத்தில் கவனிக்க வேண்டிய வரி அது ஒன்றுதான்.

வெளியே கிளம்பும் நாளில் மட்டும் ஒரு பெரியவர் காபி டம்ளரைத் தள்ளிவைத்தால், கூட்டம் பிடிக்காததா காரணம்? வழியில் ஒன்றுக்கு வந்தால் எங்கே போவது என்ற பயம். எழுபதைத் தாண்டிய ஆண்களில் பலருக்குப் புராஸ்டேட் வீங்கியிருக்கும். சர்க்கரையோ, பிரஷருக்கான நீர் மாத்திரையோ சேர்ந்துகொண்டால் ஒரு மணி நேரம் அடக்குவதே பெரும்பாடு. குடிக்காமல் இருந்தால் வராது என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு: சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கொடுக்கும், அவசரம் கூடும், எழுந்து நின்றால் தலை சுற்றும். இதை எந்த மாமனாரும் மருமகளிடம் சொல்ல மாட்டார். மகன்தான் கேட்க வேண்டும். உங்கள் கணவர் கேட்டாரா? காருக்குள் உங்களோடு சண்டை போட நேரம் இருந்தவருக்கு, பின்சீட்டில் இருந்த அப்பாவிடம் "இறங்கணுமாப்பா?" என்று கேட்க நேரம் இல்லை.

இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள், அத்தையும் பேத்தியும் இல்லாத நேரத்தில். இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்று தொடங்கினால் மற்றதைத் தானே சொல்வார். விசிட்டர் இன்ஷூரன்ஸ் பழைய வியாதிகளுக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. ஊரில் அவரைப் பார்க்கும் டாக்டரிடமே போனில் பேசுங்கள். வெளியே போகும் நாளில் நீர் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடலாம் என்று அவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்கிறீர்கள். கூடாது. பேத்தியைப் பார்த்துக்கொள்ளவும் சட்னி அரைக்கவும் அவர்கள் வேண்டும், வெளியே போகும்போது மட்டும் வேண்டாமா? இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் "அவர்களுக்குப் பிடிக்காது" என்று ஒரு வரி இருக்கும். கேட்டுப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் குறைவு.

1971-லிருந்து நடக்கும் அந்தத் திருவிழாவில் உங்கள் வீட்டில் அதிகம் ரசிக்கக்கூடியவர் உங்கள் மாமனார்தான். 2023-இல் அங்கே ராட்சதப் பூசணிப் போட்டியில் எடை போட்ட ஒரு பூசணி 2,749 பவுண்டு, ஏறத்தாழ 1,247 கிலோ. அப்போது அது உலக சாதனை. அட்லாண்டிக் ஜெயன்ட் என்ற ரகம். காலையில் கையால் மகரந்தம் சேர்ப்பார்கள். கொடிக்கு ஒரே காய் விட்டு மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுவார்கள். கொடியின் கணுக்களை மண்ணில் புதைத்துக் கூடுதல் வேர் விடவைப்பார்கள். வளரும் வேகத்தில் காய் ஒரே நாளில் பத்துப் பதினைந்து கிலோ ஏறும். தண்ணீர் முறை தவறினால் தோல் வெடித்து, அத்தனை மாத உழைப்பும் போச்சு. அரசாணிக்காய் (நம்மூர்ப் பூசணி) பார்த்தே வளர்ந்த ஒரு விவசாயியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆயிரம் கேள்வி கேட்பார்.

எடை போடும் போட்டி திருவிழா வார இறுதியில் நடப்பதில்லை. அதற்கு முந்தின திங்கள், அதாவது அக்டோபர் இரண்டாம் திங்கள் காலையில் நடக்கும். என்னைக் கேட்டால் கணவர் அன்றைக்கு லீவு போடட்டும். திரும்பும்போது 92-ஆம் நெடுஞ்சாலை ஓரப் பண்ணைகளில் பூசணி வாங்கிக்கொள்ளலாம்.

சனி ஞாயிறுதான் முடியும் என்றால், 9 மணிக்குத் தொடங்கும் விழாவுக்கு 8 மணிக்குள் உங்கள் கார் அங்கே நிற்க வேண்டும், 12-க்குள் கிளம்பிவிட வேண்டும். 92-ஆம் நெடுஞ்சாலை மலை ஏறி இறங்கும் சாலை, பெரும்பகுதி போக ஒரு தடம், வர ஒரு தடம். பத்து மணிக்குப் போனால் நடுவில் மாட்டிக்கொண்டு நிறுத்தவும் முடியாது. பசிஃபிகா வழியாகச் சுற்றினாலும் கடைசியில் அதே நெரிசல்தான். 280-ஆம் நெடுஞ்சாலையை விட்டு 92-இல் திரும்புவதற்கு முன்பே ஏதாவது ஊருக்குள் இறங்கி, பாத்ரூம் உள்ள கடையில் நிறுத்துங்கள். "வருகிறதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்பார். எல்லோரும் இறங்குங்கள், அவரும் இறங்குவார்.

விழாவில் வைத்திருக்கும் தற்காலிகக் கழிப்பறைகளில் கழுவத் தண்ணீர் இருக்காது. அரை லிட்டர் பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய அறையில் படி இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. மடக்கு நாற்காலி கைப்பிடி உள்ளதாக இருந்தால்தான் ஊன்றி எழுந்திருக்க முடியும். கடற்கரைப் பனியும் காற்றும் சன்னிவேலில் இருந்து பார்த்தால் தெரியாது: ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. அங்கே விற்பதில் பாதி இனிப்பு, அதனால் எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதம் வேண்டுமானால் ஐஸ் பெட்டியில்.

அழுகிய பூசணிக்கு வருகிறேன். வாங்கிய அன்றே ஹாலோவீனுக்காக முகம் செதுக்கிக் குடைந்திருப்பீர்கள். குடைந்த காய் நாலைந்து நாள் தாங்கினால் பெரிது. ஹாலோவீனுக்கு (அக்டோபர் 31) இரண்டு நாள் முன்பு கத்தியை எடுத்தால் போதும். காம்பு காய்ந்து கெட்டியாக, நகம் இறங்காத தோலாக, அடிப்பாகம் அமுங்காததாகப் பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். வெறும் சிமெண்ட் தரையில் வைக்காமல் அட்டை போட்டு வையுங்கள். இவ்வளவையும் உங்கள் வீட்டிலேயே ஒருவர் சொல்லியிருப்பார், ஆனால் அவரைக் காரில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் காய் பொறுக்கியிருக்கிறீர்கள். குடையும் ரகம் நாரும் நீருமாக இருக்கும், குழம்புக்கு ஆகாது. கூட்டுக்கு 'சுகர் பை' என்று விற்கும் சிறிய காய், இரண்டு கிலோவுக்குள், தனியாக வாங்குங்கள். அதை மாமா தேர்ந்தெடுக்கட்டும்.