கேள்வி–பதில்: நுரையீரல் மருந்து ஆய்வில் சேருமுன்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கான மருந்து ஆய்வுக்காக டர்பன் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். காலையில் பம்ப் (இன்ஹேலர்) அடித்துவிட்டு வந்தார் என்பதற்காக ஊதும் சோதனையே செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?
— சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: அலைச்சல் வீணானது வருத்தம்தான். ஆனாலும் அவர்கள் செய்தது சரி. அந்தச் சோதனை இரண்டு சுற்று. மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முழு பலத்தோடு ஊதச் சொல்வார்கள். குறைந்தது மூன்று ஊதல் சரியாக விழ வேண்டும். சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் பம்பை ஸ்பேசர் என்ற குழாய் வழியாக நான்கு முறை கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். மருந்துக்குப் பிறகும் முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சி.ஓ.பி.டி. என்று எடுத்துக்கொள்வார்கள். காலையிலேயே பம்ப் அடித்திருந்தால் முதல் சுற்றிலேயே மருந்து கலந்துவிடும், ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

நீல நிற சால்பியூட்டமால் பம்பை 4 முதல் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். சால்மெட்டரால், ஃபார்மோட்டரால் கலந்த பம்புக்கு ஒரு நாள். டையோட்ரோபியம் போன்றவற்றுக்கு ஒன்றரை நாளுக்கு மேல். மூச்சு முட்டினால் மட்டும் தயங்காமல் அடித்துவிட்டு, ஆய்வு நர்ஸுக்குப் போன் செய்யுங்கள். வேறொரு நாள் தருவார்கள்.

அடுத்த முறை போகும்போது சிகரெட் கணக்கை மறைக்காதீர்கள். 20 சிகரெட் ஒரு பாக்கெட். தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் புகைத்தால் ஒரு பாக்கெட்-வருடம். தினம் 10 வீதம் 30 வருடம் என்றால் 15 பாக்கெட்-வருடம். பல ஆய்வுகள் குறைந்தது 10 கேட்கின்றன. மகள் பக்கத்தில் இருக்கிறாளே என்று அப்பா குறைத்துச் சொன்னாலே வாய்ப்பு போய்விடும். பழைய டிபி இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். டிபி விட்டுப்போன தழும்பும் மூச்சுக்குழாயை அடைக்கும். எக்ஸ்ரேயில் எப்படியும் தெரிந்துவிடும்.

கேள்வி: அம்மா புகைத்ததே இல்லை, நுரையீரல் புற்றுநோய். ஆய்வில் சேர்த்தால் வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிடுவார்களோ?
— ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: பலன் தரும் சிகிச்சை இருக்கும்போது அதைப் பறித்துவிட்டு வெற்று மாத்திரை கொடுக்க, ஆய்வுகளை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்காது. வழக்கமான சிகிச்சை இரு பிரிவுக்கும் கிடைக்கும். ஒரு பிரிவுக்குப் புது மருந்து சேரும், மற்றதற்கு அதே உருவத்தில் வெற்று மருந்து. எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் தீர்மானிக்கும். ஒப்புதல் படிவத்தில் ஒப்பீட்டுப் பிரிவுக்கு என்ன தருவார்கள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள்.

புகைக்காதவர்களின் கட்டியில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றங்கள் அதிகம் கிடைக்கின்றன. அதற்கென்றே மாத்திரைகள் இருப்பதால் அந்தச் சோதனைகளை முதலில் முடியுங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: ஊசியில் எடுத்த துணுக்கு சிறியது, முதல் சோதனைகளிலேயே தீர்ந்துபோகும், ஆய்வுக்கு மறுபடி ஊசி. துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டில் திசு மீதமிருக்கிறதா என்று லேபில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: புரட்டாசியில் விரதம் இருக்கலாமா? மஞ்சள் மாத்திரையும் சித்த மருந்தும் எடுக்கிறேன். ஆய்வு டாக்டரிடம் சொன்னால் நீக்கிவிடுவாரே?
— டோங்காட் வாசகர்

பதில்: சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து, ஐயா. சைவச் சாப்பாட்டால் கேடில்லை, பட்டினிதான் சிக்கல். டிபி மருந்தான பெடாகுவிலினைச் சாப்பாட்டோடு எடுத்தால் உடலில் ஏறும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். புற்றுநோய் மாத்திரை எர்லோட்டினிபையோ வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். உங்கள் மருந்து எந்த வகை என்று கேட்டபின் விரதத்தை முடிவு செய்யுங்கள்.

கறியில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. அந்த மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. ரத்தத்தில் கல்லீரல் என்சைம் ஏறினால் பழி ஆய்வு மருந்தின் மேல் விழும். நல்ல மருந்தை நிறுத்துவார்கள், உங்கள் கல்லீரல் கெட்டுக்கொண்டே இருக்கும். டப்பாவையே கையோடு எடுத்துப் போங்கள்.

உடம்பில் தோன்றும் சின்ன மாற்றத்தையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கடும் டிபி நோயாளிகள் 109 பேரிடம் நடந்த நிக்ஸ்-டிபி ஆய்வில் 90 சதவீதம் பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் தினம் 1200 மில்லிகிராம் லினெசோலிட் என்ற மருந்தை எடுத்ததில் 81 சதவீதம் பேருக்குக் கை, கால் நரம்பு பாதித்தது. பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல் என்று அவர்கள் சொன்னவை ஒவ்வொன்றும் பதிவானதால்தான் அடுத்த ஆய்வில் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். 600 மில்லிகிராம் 26 வாரம் எடுத்த பிரிவில் பலன் 91 சதவீதம், நரம்புப் பாதிப்பு 24 சதவீதம். இன்று பல நாடுகளில் கொடுக்கும் அளவு அதுதான்.

கேள்வி: பாதியில் விலகலாமா? கெடுதல் நேர்ந்தால் செலவு யாருடையது?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை; வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. ஆய்வால் நேரும் பாதிப்புக்கான காப்பீட்டு விவரம் ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும். தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாஃப்ராவின் அனுமதி எண்ணும் நெறிமுறைக் குழுவின் போன் எண்ணும் அதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பயணச் செலவும் அவர்கள் பொறுப்பு. அவசரமாக வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் நீங்கள் ஆய்வில் இருப்பதைக் காட்டும் ஆய்வு அட்டையை முதலில் நீட்டுங்கள். விலகுவதானாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், கடைசி ரத்தப் பரிசோதனைக்குப் போய், மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.