மரத்துப்போன கைக்கு வி.ஆர். கண்ணாடி: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை இப்போது நன்றாக அசைகிறது, தொட்டால்தான் தெரியவில்லை. சட்டைப்பையில் இருப்பது சாவியா சில்லறையா என்று சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அறிமுகமான ஒருவர், "வி.ஆர். சிகிச்சை 30 சிட்டிங், 60 ஆயிரம் முன்பணம், உணர்வு திரும்பிவிடும்" என்கிறார். கட்டலாமா? (மேலூர் வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். வி.ஆர். என்பது கண்ணில் மாட்டும் கண்ணாடிக்குள் கணினிக் காட்சியை நிஜம்போலக் காட்டும் கருவி. அது பொய் வைத்தியம் இல்லை. விளையாட்டுப்போலக் கையைத் திரும்பத் திரும்ப நீட்ட வைக்கும். வழக்கமான பயிற்சியோடு சேர்ந்தால் அசைவுக்கு உதவும். உங்கள் அப்பாவின் குறை தொடுஉணர்வில். சாதாரண வி.ஆர். கருவி கண்ணுக்கும் காதுக்கும்தான் வேலை தரும். கையில் பிடிப்பது கொஞ்சம் அதிரும், அவ்வளவுதான். சொரசொரப்பு, கனம், சூடு எதையும் தராது.

அப்பாவின் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் 30 என்று எப்படிக் கணக்குப் போட்டார்? வாசலில் நிற்பவர்களுக்கு ஆள் பிடித்தால் கமிஷன். ரசீது தராத, மொத்தப் பணத்தையும் முதலிலேயே கேட்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இவர்களை வளர்த்துவிட்டது நம் மருத்துவ அமைப்புதான். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை எல்லாம் இருக்கும். தொட்டால் தெரிகிறதா என்று ஒரு வரி இருக்காது. கை தூக்கினால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்!

பின்னால் எங்காவது வி.ஆர். செய்வதானால் ஒன்று. பக்கவாதத்துக்குப் பிறகு ஒருமுறையாவது வலிப்பு வந்திருந்தால், நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கண்ணாடியை மாட்டவே கூடாது. மாத்திரையில் வலிப்பு நின்றிருந்தாலும் கேட்க வேண்டும். கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்ததைச் சும்மா நரம்பு இழுப்பு என்று விட்டிருப்பீர்கள்; அதையும் சொல்லுங்கள்.

இப்போதைக்கு வீட்டிலேயே தொடங்குங்கள். சாவி, நாணயம், புளியங்கொட்டை, தேங்காய் நார், பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒவ்வொன்றையும் பார்த்தபடி இடது கையால் தடவட்டும், அப்புறம் வலது கையால். பிறகு கண்ணை மூடி வலது கையால் என்ன என்று சொல்லட்டும். தவறினால் கண்ணைத் திறந்து பார்த்து மறுபடி தடவ வேண்டும். தினம் இரண்டு வேளை, கால் மணி நேரம். மாதக்கணக்கில் ஆகும், முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அந்தக் கைக்கு மணல் ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சுடுவது தெரியாமல் வெந்துவிடும். குளிக்கும் தண்ணீரையும் இடது கையால் பார்க்கச் சொல்லுங்கள்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். வருபவரிடம், "தொடுஉணர்வையும் சோதித்து எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள்.