மணற்குவியலும் வங்கியும்

கேள்வி: மணல், தானியம் போன்ற துகள் பொருள்களை ஆராயும் இயற்பியலாளர்கள் பொருளாதாரம், வங்கி பற்றியும் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்களே, இவற்றுக்குள் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் துகளில் இல்லை, துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் விதத்தில் இருக்கிறது. ஒளியில் அழுத்தம் புலப்படும்படியான பிளாஸ்டிக் வட்டுகளைக் குவித்து நசுக்கினால், பாரம் எல்லா வட்டுகளிலும் சமமாகப் பரவாமல், கிளைவிட்ட சில சங்கிலிகள் வழியாக மட்டுமே இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வங்கிகள் தமக்குள் கொடுத்து வாங்கும் கடனும் ஏறக்குறைய இப்படித்தான். பெரிய வங்கிகள் சிலவே பெரும்பாரத்தைச் சுமக்கின்றன.

பெர் பாக், சாவ் டாங், கர்ட் வீசன்ஃபெல்ட் ஆகிய இயற்பியலாளர்கள் 1987-இல் முன்வைத்த மணற்குவியல் என்னும் கணக்கு மாதிரியில், மேலிருந்து விழும் ஒரே அளவு மணல்மணி ஒருமுறை எதையும் அசைக்காது. இன்னொருமுறை குவியலையே சரித்துவிடும். 1993-இல் பாக் பொருளியலாளர்களோடு சேர்ந்து இதே கருத்தை உற்பத்தி ஏற்ற இறக்கங்களுக்குப் பொருத்தினார். (வேடிக்கை என்னவென்றால், 1996-இல் வெளியான சோதனையில் இந்த மணற்குவியல் கணக்குக்கு இசைந்தது நீண்ட அரிசிமணிகளின் குவியல், உருண்டையான மணிகள் இசையவில்லை.)

ஆனாலும் ஒப்புமையை அளவோடு கொள்வதே நல்லது. மணலுக்கு அச்சம் கிடையாது. பிறர் பணத்தை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தே வைப்பாளர்கள் முந்திக்கொண்டு ஓடுவதால், நல்ல நிலையிலுள்ள வங்கியும் கவிழக்கூடும் என்று டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் 1983-இல் காட்டினார்கள். 2022-ஆம் ஆண்டுப் பொருளியல் நோபல் பரிசில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது.