பக்ரீத் கழிந்த மூன்றாம் நாள்

கேள்வி: நைஜீரியாவின் யொரூபா மக்களில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள். அப்புறம் எதற்கு ஆண்டுதோறும் ஆற்றுத் தெய்வத்துக்குத் திருவிழா? வெளிநாட்டாருக்குப் படம் காட்டும் சுற்றுலா வியாபாரம்தானே?

பதில்: வியாபாரமும் உண்டு. கூட்டம் சேர்ந்தால் விளம்பரப் பலகை வரத்தான் செய்யும். அதை வைத்து எடைபோட்டால் உலகத்தில் ஒரு திருவிழாவும் தேறாது.

ஓஷோக்போ ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ஏறக்குறைய இரண்டு வாரம் விழா. முதலில் ஊரைத் துப்புரவாக்கும் ஊர்வலம், பிறகு ஓர் இரவு பதினாறு முக விளக்கு. மறைந்த அரசர்களின் கிரீடங்களை ஒன்றாக வைத்து வணங்குவதும் உண்டு. நிறைவு நாளில் அரச குடும்பத்துக் கன்னிப்பெண் ஒருத்தி, படையல் நிறைந்த சுரைக்குடுக்கையைத் துணிபோட்டு மூடித் தலையில் சுமந்து ஓஷுன் ஆற்றங்கரைத் தோப்புக்கு நடக்கிறாள். அவள் கால் இடறினால் ஊருக்கு ஆகாது என்பது நம்பிக்கை. வழிநெடுக ஜனங்கள் தங்கள் குறைகளை அவளை நோக்கிச் சொல்லி இறக்கிவைக்கிறார்கள். ஊரை உண்டாக்கிய அரசருக்கு ஆற்றுத் தெய்வமான ஓஷுன் தந்த வாக்கை ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பதாக ஐதீகம். அதனால் அரசரும் வந்தாக வேண்டும். பிள்ளை வரம் கேட்டு ஆற்றுநீரை மொள்ளும் பெண்ணிடம், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாய் என்று யாரும் விசாரிப்பதில்லை.

இன்னொன்று: இஜேபு-ஓடே என்ற யொரூபா ஊரில் பக்ரீத் கழிந்த மூன்றாம் நாள் ‘ஓஜூடே ஓபா’. அரசருக்கு முஸ்லிம்கள் மரியாதை செலுத்தத் தொடங்கிய விழா. இன்று ஒரே வயதுக்காரர்கள் செட்டு செட்டாக, ஒரே துணியில் உடுப்புத் தைத்துக்கொண்டு வருகிறார்கள். கிறிஸ்தவர்களும் அதில் உண்டு. குதிரைகள் வேறு! மதத்தைவிட வயதும் ஊரும் முந்திக்கொள்ளும் நாள் அது.

ஓஷோக்போ தோப்பு சுமார் 75 ஹெக்டேர். மற்ற பல ஊர்களில் இப்படிப்பட்ட தோப்புகள் போயே போய்விட்டன. இதுவும் போயிருக்கும்; ஆனால் 1950இல் நைஜீரியா வந்த ஆஸ்திரிய ஓவியர் சூசன்னே வெங்கரும் உள்ளூர்க் கலைஞர்களும் சிலைகளை எழுப்பிக் காவலாக நிறுத்தினார்கள். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஆறு? ஆற்றின் மேற்பகுதியில் தங்கம் தோண்டுவதால் நீர் பழுப்பேறிக் கிடக்கிறது.

சரி, எல்லாமே கும்பிடத்தக்கது என்று நான் சொல்லவில்லை. ஆண்கள் மட்டுமே நடத்தும் ‘ஓரோ’ என்ற யொரூபா சடங்கின்போது பெண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும் என்கிறார்கள். அதை எதிர்த்துப் பேசுகிறவர்களும் யொரூபாக்கள்தான்.