ஒன்டாரியோ ஏரியில் நான்கு முறை ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்து மீன் பிடிப்பது) போயும் ஒரு சால்மன்கூட மாட்டவில்லை. எந்த ஸ்பூன் (சிறுமீன்போல மின்னும் உலோகப் போலி இரை) வாங்கலாம்?

ஜூலையில் ஸ்கார்பரோ ப்ளஃபர்ஸ் பார்க்கிலிருந்து படகு இறக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஸ்பூனை இப்போதைக்கு விடுங்கள். தூண்டிலைக் கீழே இறக்கும் டவுன்ரிகர் கருவியின் உருண்டையோடு ஆழத்துக்கு இறங்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள்.

என் முதல் கோடையும் இப்படித்தான் போனது. விடியற்காலையிலிருந்து மதியம் வரை மேல்தண்ணீரிலேயே தூண்டிலை இழுத்துக்கொண்டு சுற்றினேன். ஒரு கடிகூட இல்லை. இந்த ஏரியின் சராசரி ஆழமே 86 மீட்டர். கோடையில் மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும். சினூக் வகை சால்மனுக்கோ 10 முதல் 13 டிகிரி வரையிலான குளிர்தான் பிடிக்கும். கீழே இறங்க இறங்க ஓரிடத்தில் தண்ணீர் சட்டென்று குளிரும். அந்த அடுக்கை ஒட்டித்தான் தேட வேண்டும்.

ஆனால் அந்த அடுக்கு ஓரிடத்தில் நிற்காது. மேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால், ப்ளஃபர்ஸ் பார்க் இருக்கும் வடகரையின் சூடான நீர் ஏரிக்குள் தள்ளப்பட்டு அடிக்குளிர் கரையோரம் மேலேறி வரும். கிழக்குக் காற்று அடித்தால் நேர்மாறு. நேற்று 15 மீட்டரில் இருந்த குளிர் இன்று 30 மீட்டருக்குப் போயிருக்கும். போன வாரம் மீன் கிடைத்த ஆழத்தை நம்பி இந்த வாரம் போகாதீர்கள்.

சினூக் பசிபிக் மீன். ஏல்வைஃப் என்ற, மத்தி போன்ற சிறுமீன் பெருகிப் போனதால் 1960களின் இறுதியில் ஒன்டாரியோ உள்ளிட்ட பேரேரிகளில் கொண்டுவந்து விட்டார்கள். இன்றும் அதன் முக்கிய இரை ஏல்வைஃப்தான். ஒலியால் மீனைக் காட்டும் சோனார் கருவியில் அந்தக் கூட்டம் மேகம்போலத் தெரிந்தால் அந்த இடத்தையே சுற்றி வாருங்கள்.

தூண்டில் இறங்குவது டவுன்ரிகரில். எஃகுக் கம்பியில் 10 அல்லது 12 பவுண்டு ஈய உருண்டை தொங்கும். அதன் கிளிப்பில் தங்கூசியை (தூண்டில் நூலை) செருகி இறக்கினால் தூண்டில் ராடு வில்லாக வளைந்து நிற்கும். மீன் கவ்வியதும் கிளிப் விடுபட்டு ராடு துள்ளி நிமிரும். உடனே எடுத்துத் தொய்ந்த தங்கூசியை வேகமாகச் சுற்றுங்கள். அந்தத் தொய்வில்தான் பலர் மீனைத் தவறவிடுகிறார்கள்.

அப்புறம் வேகம். மணிக்கு 3.5 முதல் 4.5 கிலோமீட்டர் போதும். ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது படகின் வேகத்தை மட்டும்தான். 20 மீட்டருக்குக் கீழே, நம் கடலோரத்தில் நீவாடு என்பார்களே, அந்த நீரோட்டம் வேறு பக்கம் ஓடலாம். டவுன்ரிகர் கம்பி தண்ணீரைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். கிழக்கே போகையில் ஏறக்குறைய நேராக நின்ற கம்பி, அதே வேகத்தில் மேற்கே திரும்பியதும் பின்னால் சாய்ந்தால், அடியில் எதிர்நீரோட்டம் இருக்கிறது. ஸ்பூன் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது, படகைக் குறையுங்கள்.

நேர்கோட்டிலேயே ஓட்டவும் வேண்டாம். படகை வளைக்கும்போது உள்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும். எந்தப் பக்கம் கடிக்கிறதோ, அந்த வேகத்தைத்தான் அன்றைக்கு மீன் கேட்கிறது. எந்த ஸ்பூனைவிடவும் எனக்கு அதிக மீன் தந்தது இந்தத் திருப்பங்கள்தான்.

மீன் கிடைத்ததும், குழம்பு வைக்கும் முன் ஒன்டாரியோ அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியில், உங்கள் மீனின் நீளத்துக்கு மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று பாருங்கள். பெரிய சினூக்கில் நச்சுப்பொருட்கள் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் தனி அளவு போட்டிருக்கிறார்கள்.