டொமைன் யார் கணக்கில் இருக்கிறது?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து, குழந்தைகளுக்கான கணிதப் பயிற்சித் தளம் ஒன்றைத் தொடங்குகிறோம். நாங்கள் விரும்பிய தமிழ்ப் பெயர் டாட் காமில் ஏற்கெனவே போய்விட்டது. நடுவில் கோடு போட்டால் கிடைக்கிறது. டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, தானே வாங்கித் தருவதாக வடிவமைப்பாளர் சொல்கிறார். எதை, எத்தனை ஆண்டுகளுக்கு வாங்கலாம்?

பதில்: வடிவமைப்பாளர் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். வடிவமைப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் டொமைனை அவர் கணக்கில் வாங்க விடாதீர்கள். யார் கணக்கில் பதிவாகிறதோ, பெயரின் கட்டுப்பாடு அவர் கையில்தான். நாளை அவர் தொழிலை மாற்றினாலோ தொடர்பு அறுந்தாலோ, உங்கள் தளத்தை நீங்களே அசைக்க முடியாது. டொமைன்களைப் பதிந்து விற்கும் பதிவாளர் நிறுவனத்தில் உங்கள் மூவரில் ஒருவர் கணக்குத் தொடங்கட்டும். உரிமையாளர் பெயராக அவருடையதோ உங்கள் அமைப்பினுடையதோ இருக்கட்டும். அவர் பொறுப்பை வேறொருவருக்கு ஒப்படைப்பது எப்படி என்பதையும் இப்போதே எழுதிவைத்துவிடுங்கள். வடிவமைப்பாளருக்குத் தேவையான டிஎன்எஸ் விவரங்களை (பெயரைத் தளம் இருக்கும் கணினியோடு இணைப்பவை) நீங்களே பதிந்து கொடுக்கலாம்.

அந்தக் கணக்குக்கு எந்த மின்னஞ்சலைக் கொடுக்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். பலர் புது டொமைனிலேயே ஒரு முகவரி உண்டாக்கி அதையே கொடுத்துவிடுகிறார்கள். டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுபோகும். புதுப்பிக்கச் சொல்லும் எச்சரிக்கை அங்கேதான் போகும், கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பும் அங்கேதான் போகும். அப்புறம் உள்ளே நுழைய வழியே இருக்காது. எனவே வேறொரு சேவையில் உள்ள, நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள்; இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். வாங்கியவுடன் வரும் சரிபார்ப்பு அஞ்சலை ஒதுக்கிவிட வேண்டாம். பெயரின் கடைசியில் டாட் காம் போன்ற பொது முடிவுகள் வரும் டொமைன்களில் 15 நாட்களுக்குள் உறுதிசெய்யாவிட்டால் பெயரை முடக்கிவைப்பார்கள்.

பெயருக்கு வருவோம். கோடு வேண்டாம். தொலைபேசியில் ஒருவரிடம் ஒருமுறை மட்டும் சொல்லி, அவர் அதைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்கிறாரா என்று பாருங்கள். தமிழ்ப் பெயருக்கு இந்தச் சோதனை இன்னும் கடுமையானது. ‘எழில்’ என்று நீங்கள் சொன்னால், ழகரத்துக்கு ஒருவர் ‘இசட் ஹெச்’ போடுவார், இன்னொருவர் ‘எல்’ போடுவார். நெடில் வந்தால் ‘ஏ’ ஒன்றா இரண்டா என்ற குழப்பம் வேறு. ழகரமும் நெடிலும் இல்லாத பெயராகத் தேடுங்கள். இல்லையென்றால் அதிகம் வழங்கும் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் வாங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்க முடியும், எனக்கும் அது மிகவும் பிடிக்கும். ஆனால் அத்தகைய மின்னஞ்சல் முகவரியை எல்லாச் சேவைகளும் இன்னும் ஏற்பதில்லை. துணைப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் ஆர்க், டாட் நெட் நல்லவையே. இரண்டெழுத்து முடிவுகள் நாடு அல்லது பிரதேசம் சார்ந்தவை. டாட் ஏஐ என்பது அங்குவில்லா தீவினுடையது. அவற்றின் விதி மாறினால் பெயரும் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியபின், ஒன்றியத்தின் குடியுரிமையோ அங்கே முகவரியோ இல்லாத பிரிட்டன்வாசிகள் டாட் இயூ பெயர்களை இழந்தார்கள். விலையைப் பார்க்கும்போதும் முதலாண்டுச் சலுகை விலையை விட்டுவிட்டுப் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.

பொது முடிவுகளில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு வாங்கலாம். உங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் போதும், தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் இயக்கிவையுங்கள். பணம் செலுத்தும் வங்கி அட்டை காலாவதியானால் அந்த வசதி வேலை செய்யாது என்பதால், கெடு முடிய ஒரு மாதம் முன்பே மூவரின் நாட்காட்டியிலும் குறித்துவைக்க வேண்டும். தவறிப்போனால் சில நாட்கள் முதல் 45 நாட்கள் வரை, பதிவாளரைப் பொறுத்து, வழக்கமான விலையில் மீட்க இடமுண்டு. அதற்குப் பின் 30 நாட்கள் மீட்புக் காலம், அப்போது கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அடுத்த 5 நாட்களில் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சில பதிவாளர்கள் அதற்கு முன்பே ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள்.

வடிவமைப்பாளர் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், அதே பதிவாளரிடம் நீங்களும் கணக்குத் தொடங்கி, அதற்குள் பெயரை நகர்த்தித் தரச் சொல்லுங்கள். வேறு பதிவாளருக்குக் கொண்டுபோவதென்றால் பெயர் இடம் மாறாமல் பதிவாளர் கணக்கில் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டை அவர் தர வேண்டும். வாங்கிய முதல் 60 நாட்களில் பெரும்பாலும் அது முடியாது. இறுதித் தொகையைக் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள்.